மீதி ஏழு

அழகாபுரத்தில் பேக்கரிக்கு மேல் எங்கள் அலுவலகம்.
மூன்று மணிக்கு பன் வாசனை படியேறி வரும்போது
திரையில் 3127 நிற்கிறது.

அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டிய ஒரு வேன்
ஏற்காட்டில் ஒண்டிக்கடையைத் தொட எடுத்துக்கொண்ட விநாடிகள்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
நடுவில் ஒருமுறை ரேடியேட்டருக்குத் தண்ணீரும்
அதில் அடக்கம். எண்ணைப் பார்த்தால் தெரியாது.

ஐந்து வேன் வைத்திருக்கும் சடையப்பன் போனில் சொன்னார்:
"மேடம், இந்த நம்பர வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?
ஆளுங்க பேசுற மாதிரி சொல்லச் சொல்லுங்க."

அறுபதால் வகுத்தேன்.
ஈவு ஐம்பத்திரண்டு. மீதி ஏழு.
ஏழு விநாடியை யார் பேசுகிறார்கள்?
மீதியைத் தூக்கிப் போட ஒரு வரி எழுதினேன்.

ஒன்றென்றால் நிமிடம்,
இரண்டிலிருந்து நிமிடங்கள்.
"முன்பு" என்று சேர்க்கப் போனால்
நிமிடத்துக்கு, நிமிடங்களுக்கு.
வேற்றுமைக்கு வேற்றுமை ஒரு வளைவு.
ஹார்ன் அடித்துத் திரும்ப வேண்டியிருக்கிறது.

சோதித்தேன்.
"59 நிமிடங்கள் 60 விநாடிகள்" என்றது.
முழு எண்ணாக்குவதை வகுத்த பிறகு செய்திருக்கிறேன்.
முன்னால் இழுத்து வைத்ததும்
சமர்த்தாக ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்து, கழித்தல் 140.
கிளம்புவதற்கு இரண்டு நிமிடம் முன்பே
போய்ச் சேர்ந்துவிட்ட வேன்.
மேலே கரண்ட் போய்
கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று விளக்கினேன்.
"அல்போன்ஸ் ஓட்டினா அப்படித்தான் மேடம்," என்றார் சடையப்பன்.

அதே அல்போன்ஸுக்கு இன்னொரு நாள் 15085.
நான்கு மணி பதினொரு நிமிடம்.
பிழையாக இருக்குமோ என்று அவரையே கூப்பிட்டேன்.
"காட்டுமாடு நின்னுச்சுங்க, பதினேழாவது வளைவுல.
அது பாட்டுக்கு நின்னுச்சு, நான் பாட்டுக்கு நின்னேன்.
கொஞ்ச நேரந்தான்."

கொஞ்ச நேரத்துக்கு என்னிடம் எல்லை இல்லை.
நாற்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தேழு வரை
முக்கால் மணி என்று வைத்திருந்தேன்.
ஐம்பத்தைந்து தாண்டினால் ஒரு மணி.
நாலு மணி நேரம் எந்த இடத்தில்
கொஞ்சமாக மாறும் என்று
எந்த நிபந்தனையில் எழுதுவது?

பன் ஆறிவிட்டது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.
பெரிய எண் ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.
அஸ்தம்பட்டி கோர்ட்டில் என் மனு பதிவான தேதியைத்
தொடக்கமாகப் போட்டேன்.
முடிவு காலி.
காலியாக இருந்தால் இந்த நிமிடத்தை எடுத்துக்கொள்ளும்,
அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஏழு கோடியே முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம்.
அதில் பதினொரு வாய்தா,
எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இரண்டு முறை காய்ச்சல்,
வராந்தாவில் கால் ஆடும் ஒரு பெஞ்சு.

திரை சொன்னது: 2 வருடங்கள்.

பெரிய அலகு ஒன்றை மட்டும் காட்டு என்று
நான்தானே சொன்னேன்.
மாதத்துக்கு முப்பது நாள் என்று வைத்துக்கொண்டால்
நான்கு மாதம் இரண்டு நாள் மீதி.
அந்த நாலு மாதத்தில்தான்
விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகத் தூங்கப் பழகினேன்.

எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து
மீதியைத் தூக்கிப் போட்ட வரியை அழித்தேன்.
இனி எல்லோருக்கும் இரண்டு அலகு.

காலையில் சடையப்பன் போன்.
"அம்பத்திரெண்டு நிமிஷம் சரி மேடம்,
அந்த ஏழு விநாடி எதுக்கு?"

இருக்கட்டும் சார், என்றேன்.